மூடுபனிச் சாலையில் ஓர் உருகிப் பெட்டி

இராகலையிலிருந்து கந்தப்பளையூடாக நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியை அறிந்தவர்கள், மார்கழி தை மாதங்களில் அந்திப் பொழுதுக்குப் பின் அதன்மீது மூடுபனி இறங்கும் வகையையும் அறிவார்கள். முதலில் மலையுச்சிச் சவுக்கு மரங்கள் மறையும். அடுத்துத் தேயிலைச் சரிவுகள் மறையும். பின்னர் வீதியோரத்து வெள்ளைக் கற்களும் மறைந்து, செல்வோன் தன் வண்டியின் முன்சக்கரத்தையே ஊகித்துச் செல்ல வேண்டிய நிலை வரும். இவ்வழியே ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து இராகலைவரை குறுகிய புகைவண்டிப் பாதை ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போடப்பட்ட அது 1940களில் மூடப்பட்டது. தண்டவாளம் இருந்தவரை பனியில் வழி தவறும் அச்சம் எவருக்கும் இருந்திராது. இன்று அவ்வழிச் செல்வோருக்குத் துணை, வண்டியின் முகப்பு விளக்கும் ஒலிப்பானுமே.

அவ்விரண்டும் ஒரே கணத்தில் அவிந்தொழிந்த ஓர் இரவைப் பற்றியும், அதன் பின்னர் என் மாணவன் ஒருவன் தன் மோட்டார் சைக்கிளில் அமைத்த ஒரு சிறு பெட்டியைப் பற்றியும் இங்கு எழுத விழைகின்றேன். இலக்கணம் கற்பிப்பவனுக்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். அன்றிரவு அவ்வண்டியின் பின்னிருக்கையில் இருந்தவன் யானே என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

அவன் இராகலைக் கடைவீதியில் கைபேசி பழுதுபார்த்துப் பிழைப்பவன். ஆண்டுக்கொரு முறையேனும் நெடும்பயணம் செல்வான். திருக்கோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அவ்வண்டியிலேயே சென்று மீண்டவன். வண்டி எந்த நிறுவனத்தது என்பது இங்கு வேண்டப்படாதது. நடந்த தவறு வண்டியின் தவறன்று. நெடும்பயணம் செல்வோர் பலரும் செய்வதுபோல அவனும் வண்டிக்கு அணிகலன் பூட்டினான். தாழ்வான இடத்தில் இரண்டு மூடுபனி விளக்குகள், இரட்டைக் குழல் ஒலிப்பான் ஒன்று, கைபேசிக்கு மின்னேற்றும் துளை ஒன்று. இவற்றுக்கெல்லாம் மின்சாரம் எங்கிருந்து எடுத்தான்? முகப்பு விளக்குக்குச் செல்லும் கம்பியைச் சற்றே சுரண்டி, புதுக் கம்பிகளை அதிற் சுற்றி, மேலே கறுப்பு நாடா ஒட்டிவிட்டான்.

நுவரெலியாவில் ஓர் அலுவலை முடித்து இருவரும் திரும்பினோம். கந்தப்பளைக்கு இப்பால் கொண்டையூசி வளைவு ஒன்றில், எதிரே ஏதோ பாரவண்டி வரும் ஓசை கேட்டது. அவன் ஒலிப்பானை நீள அழுத்தினான். குழல் ஒருமுறை முழங்கியது. உடனே குழலும் நின்றது, விளக்குகள் அனைத்தும் அவிந்தன. பனியும் இருளுமாகிய அவ்வெளியில் எம்மை எதிரே வருபவன் காண்பதற்கு ஒரு பொறியளவு ஒளிகூட எம்மிடம் இல்லை. வண்டியை மலைப்பக்கமாகச் சாய்த்து நிறுத்தினான். பாரவண்டி எம் முழங்காலைத் தொடுவதுபோற் கடந்து சென்றது. அதன் ஓட்டுநர் எம்மைக் கண்டிருக்கவே மாட்டார்.

உருகி போய்விட்டது என்றான். மாற்று உருகி கையில் இல்லை. அடுத்து அவன் செய்ததை யான் தடுத்திருக்க வேண்டும். எனக்கு அப்பொழுது அவ்வறிவு இல்லை. சட்டைப்பையிற் கிடந்த ஒரு வெள்ளித்தாளை மடித்து, போன உருகியின் இரு கால்களையும் அதனாற் சுற்றி மீண்டும் செருகினான். விளக்குகள் எரிந்தன. வியந்து பாராட்டவும் செய்தேன். ஒரு மைல் சென்றிருப்போம். எண்ணெய்த் தாங்கியின் அடியிலிருந்து ஒரு நாற்றம் எழுந்தது. இறப்பரும் பிளாத்திக்கும் கருகும் நாற்றம். அவன் வண்டியை நிறுத்திய வேகத்தில் யான் வீதியில் விழப் பார்த்தேன். வெள்ளித்தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நெடுநேரம் வாய்பேசாது நின்றான். பெற்றோல் தாங்கிக்கும் அக்கம்பிக்கும் இடையே நான்கு விரற்கடை தூரமே இருந்தது.

அந்த நாற்றம் எங்கள் இருவர்க்கும் புதிதன்று. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் நடந்தது இன்னதென்பதைக் காண்போம். கணக்கு மிக எளிது. வாற்று அளவை வோல்ற்று அளவால் வகுத்தால் அம்பியர் வரும். முகப்பு விளக்கு 60 வாற்று; பற்றரி 12 வோல்ற்று; ஆகவே 5 அம்பியர். மூடுபனி விளக்குகள் இரண்டும் சேர்ந்து 40 வாற்று. அது 3 அம்பியருக்குச் சற்று மேல். இரட்டைக் குழல் ஒலிப்பான் ஏறத்தாழ 10 அம்பியர் குடிப்பது. மூன்றும் சேர்ந்தால் 18க்கு மேலாகின்றது. அக்கம்பிக்குக் காவலாக வண்டியை ஆக்கியோர் வைத்திருந்த உருகியோ 10 அம்பியருக்கு உரியது. விளக்குகள் மட்டும் எரியும்வரை உருகி பொறுத்துக்கொண்டது. ஒலிப்பானும் சேர்ந்தபோது உருகிற்று. ஓர் உயிருக்கு வேண்டிய மூன்று காவல்களையும் ஒரே நூலில் தொங்கவிட்டு, மிகவும் வேண்டப்பட்ட கணத்தில் அந்நூலை நாமே அறுத்துக்கொண்டோம். மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்னும் பொருளை வள்ளுவர் வலியறிதலில் வைத்தார். மயிலிறகினும் மெல்லியது மின்சாரம், பாரம் தெரியாது. அதனாலேயே அளவு பிழைக்கின்றது.

வெள்ளித்தாள் செய்த தீங்கு இதனினும் பெரிது. கம்பியிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வருக்கத்துக்கு ஏற்ப வளர்வது. ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1840களில் நிறுவிய விதி இது. முறுக்கிச் சுற்றிய மூட்டில் தடை மிகுதி; அங்கே வெப்பம் இன்னும் மிகும். நாடா உருகி, வெறுங் கம்பி வண்டியின் இரும்புச் சட்டகத்தைத் தொட்டது. குறுஞ்சுற்று ஏற்பட்டது. உண்மையான உருகி இருந்திருப்பின் இமைப்பொழுதில் அறுந்து யாவற்றையும் காத்திருக்கும். வெள்ளித்தாள் அறாது நின்றமையால் கம்பியின் உறை வெந்தது.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சிக்கு வாசகர் இடந்தருவர் என நம்புகின்றேன். 'பியூஸ்' என்று வழக்கிலும் 'உருகி' என்று இலங்கைப் பாடநூல்களிலும் வழங்கும் பொருள் ஒன்றே. கலைச்சொல் ஆக்கியோர் பலர் செய்த ஆக்கங்களுள் இஃது ஒரு செப்பமான ஆக்கம். உருகு என்னும் பகுதியோடு இகர விகுதி சேர்ந்து, உருகுவதாகிய பொருள் எனப் பெயராயிற்று. அதே சொல் உருகிய பின் என்னும் பொருளில் வினையெச்சமாகவும் நிற்கும். எச்சமாயின் அது முடிக்குஞ்சொல் ஒன்றை அவாவும். உருகிக் காத்தது என்றோ, உருகி ஒழிந்தது என்றோ நாம் முடிக்கலாம். 'சுவிச்சு' என்பதற்கு 'ஆளி' என்று வைத்ததும் நன்றே. எனினும் என் வகுப்பு மாணவர், பழந்தமிழில் யானையைக் கொல்லும் ஆளியையும் சுவரிலுள்ள ஆளியையும் மயங்கி ஒருமுறை எழுதிய விடை இன்றும் ஆசிரியர் அறையில் நகைக்குரியதாய் இருக்கின்றது.

உருகியின் வரலாறு நாம் எண்ணுவதினும் பழையது. தந்திக் கம்பிகள் பரவத் தொடங்கிய காலத்தில், இடி விழுந்தால் தந்தி நிலையத்துக் கருவிகள் எரிவதைக் கண்ட பிரெகே என்னும் பிரான்சியர், 1847இல், பெருங்கம்பிக்கும் கருவிக்கும் இடையே மெல்லிய கம்பித் துண்டொன்றை வைக்குமாறு கூறினார். மின்னல் பாய்ந்தால் மெல்லிய துண்டு உருகும், கருவி பிழைக்கும். எடிசன் தம் மின்விளக்கு முறையின் ஓர் உறுப்பாக 1890இல் உருகிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வண்டிகளில் நெடுங்காலம் கண்ணாடிக் குழாய் உருகிகளே இருந்தன. இன்று நாம் காணும், இரு தகட்டுக் கால்களையுடைய பிளாத்திக் உருகி 1976இல் வந்தது. அதற்கு நிறமே மொழி: 3 அம்பியர் ஊதா, 5 வெளிர்பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. இருட்டில் ரோச் ஒளியில் எண்ணை வாசிக்க இயலாதவனும் நிறத்தை அறிவான்.

முற்கால மோட்டார் சைக்கிள்களில் இத்துணைச் சிக்கல் இல்லை. அவை மக்னீற்றோ என்னும் கருவியால் தம் தீப்பொறியைத் தாமே பிறப்பித்தன. பற்றரி செத்தாலும் விளக்கு அவிந்தாலும் இயந்திரம் ஓடிற்று. இங்கிலாந்தின் ரெடிச் நகரிற் பிறந்த ரோயல் என்பீல்ட் வண்டிகள் அவ்வழியில் வந்தவை. 1955இல் சென்னையில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அங்கே அவற்றை ஆக்கத் தொடங்கினர். திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் பெயர் அதனால் உலகறிந்தது. இங்கிலாந்தில் அவ்வண்டியின் ஆக்கம் நின்ற பின்னரும் தமிழ்நாட்டில் அது நிற்கவில்லை. பட்டினத்தடிகளின் சமாதி உள்ள ஊரிலிருந்து இமயமலை ஏறும் வண்டிகள் புறப்பட்டன என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நிற்க. இக்கால வண்டிகளில் எரிபொருளைத் தெளிப்பதும் பொறி பிறப்பிப்பதும் மின்னணு மூளையின் வேலை. அம்மூளைக்குச் செல்லும் மின்சாரத்தில் நாம் கைவைத்தால் விளக்கு மட்டுமன்று, இயந்திரமும் நடுவீதியில் நிற்கலாம். ஆதலால், வண்டியோடு வந்த கம்பித் தொகுதியைத் தீண்டாது, நாம் பூட்டும் கருவிகளுக்கென்று தனியே ஒரு வழி அமைப்பதே முறை. அதற்குப் பெயரே துணை உருகிப் பெட்டி.

அடுத்து வந்த போயா நாளில், அவனது கடையின் பின்புறத்தில் வேலை நடந்தது. ரோச் பிடிக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

முதலில் இருக்கையைக் கழற்றி, பற்றரியின் எதிர்முனைக் கம்பியை விடுவித்தான். ஏன் எதிர்முனையை முதலில் என்று கேட்டேன். "சேர், வண்டிச் சட்டகம் முழுக்க எதிர்முனையோடதான் சேர்ந்திருக்குங்க. நேர்முனையை முதல்ல கழட்டப்போய்ச் சாவி சட்டகத்துல பட்டுச்சுன்னா அங்கேயே தீப்பொறிதான்" என்றான். எதிர்முனை விலகியபின் சாவி எங்கே பட்டாலும் சுற்று முழுமையடையாது. இவ்வொழுங்கைப் பள்ளியில் எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

பின் பழைய பாவங்களை யெல்லாம் கழுவினான். அஃதாவது, முகப்பு விளக்குக் கம்பியிற் சுற்றியிருந்த தன் புதுக் கம்பிகளை முற்றாக அகற்றி, வெந்த பகுதியை வெட்டி, அதே பருமனுள்ள புதுக் கம்பி இட்டு மூடினான். நேர்முனையிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செங்கம்பி ஒன்றை எடுத்தான். பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே அதில் 30 அம்பியர்ப் பச்சை உருகி ஒன்றை இடையிட்டான். இதுவே தலைவாயிற் காவலன். இக்காவலன் பற்றரிக்கு மிக அணித்தாய் இருத்தல் வேண்டும். ஏனெனில் பற்றரிக்கும் முதல் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காப்பு எதுவும் இல்லை. அத்துண்டு எத்துணை நீளமோ அத்துணை ஆபத்து.

அங்கிருந்து கம்பி ரிலே எனப்படும் சிறு பெட்டிக்குச் சென்றது. அதனை ஓர் இடைநிலை ஏவலாள் எனலாம். வண்டிச் சாவியைத் திருப்பியதும் பின்விளக்குக்குச் செல்லும் மின்சாரத்திலிருந்து மிகச் சிறிதளவு, அம்பியரில் ஆறிலொரு பங்கு அளவு, ரிலேயின் காந்தச் சுருளுக்குப் போகும். சுருள் காந்தமாகி உள்ளே ஒரு கதவை இழுக்கும். பெருங்கம்பியின் மின்சாரம் அக்கதவுவழியே உருகிப் பெட்டிக்குட் புகும். சாவியை எடுத்தால் கதவு அடைபடும். ஆதலால் வண்டியை நிறுத்தி வீட்டிற் படுத்தவன் மூடுபனி விளக்கை அணைக்க மறந்தாலும் பற்றரி காலையில் வறண்டு கிடக்காது. சிறியோன் ஒருவன் சொற்கேட்டுப் பெருங்கதவு திறப்பது எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்பச் சொல்லி அந்தக் 'கிளிக்' ஒலியைக் கேட்டேன்.

உருகிப் பெட்டியில் ஆறு இடங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு கம்பி. மூடுபனி விளக்குகளுக்கு 5 அம்பியர், ஒலிப்பானுக்கு 15, கைபேசிக்கு 3, சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சிறு பம்பிக்கு 10. எஞ்சிய இரண்டு இடங்களும் வெறுமை. நான்கையும் கூட்டினால் 33 ஆகின்றதே, தலைவாயில் உருகி 30 தானே என்று கணக்கு மாணவன்போல் மடக்கினேன். உருகியின் எண் அது தாங்கும் எல்லையே யன்றிக் கருவி குடிக்கும் அளவன்று என்றான். கருவிகள் எல்லாம் ஒருங்கே இயங்கினாலும் 24 அம்பியரைத் தாண்டா. காற்றுப் பம்பியோ வண்டி நிற்கும்போது மட்டும் இயங்குவது.

இங்கே பலரும் பிழைபடும் ஒரு நுட்பம் உண்டு. உருகி கருவியைக் காப்பதற்கு என்றே நாம் எண்ணுகின்றோம். அன்று, அது முதற்கண் கம்பியைக் காப்பது. கம்பியின் பருமன் எத்துணை மின்னோட்டத்தைச் சூடேறாது தாங்குமோ அதற்குக் கீழ்ப்பட்டதாகவே உருகியின் எண் இருத்தல் வேண்டும். மெல்லிய கம்பியில் பெரிய உருகி இடுவது வெள்ளித்தாள் சுற்றுவதன் நாகரிக வடிவமே. ஒலிப்பானுக்கு ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர்க் கம்பியும், விளக்குகளுக்கு ஒரு சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் இட்டான்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதனை அவன் முன்னரே பார்த்திருந்தான். வண்டியின் மின்பிறப்பாக்கி தருவது இத்துணை வாற்று என்று ஓர் எல்லை இருக்கின்றது. இயந்திரமும் முகப்பு விளக்கும் தம் பங்கை எடுத்தபின் எஞ்சுவதே நமக்கு உரியது. வரவறியாது செலவு செய்வோனின் பற்றரி பயணத்தின் நடுவே கைவிரிக்கும். உருகிப் பெட்டி வழியைப் பங்கிடுமேயன்றி வருவாயைப் பெருக்காது.

மூட்டுகளை அவன் முறுக்கவில்லை. பித்தளைக் கவ்வியில் வைத்து நெரித்து, சூடுபட்டாற் சுருங்கும் குழாயை அதன்மேல் ஏற்றி, தீக்குச்சியின் வெப்பங் காட்டி இறுக்கினான். ஈயம் உருக்கி ஒட்டினால் இன்னும் உறுதியன்றோ என்றேன். வண்டி ஓயாது அதிர்வது. ஈயம் ஏறிய கம்பி விறைத்து, விறைத்த இடம் முடியும் எல்லையில் முறிந்துவிடும் என்றான். விறைப்பு உறுதியன்று என்பது ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழிந்தபின்னரே எனக்கு விளங்கிய ஒன்று. கைப்பிடி திரும்பும் கழுத்தருகே கம்பிக்குச் சற்றுத் தளர்வு விட்டான். இடத்துக்கும் வலத்துக்கும் முற்றாகத் திருப்பிப் பார்த்தான். இரும்பைக் கடக்கும் துளைகளில் இறப்பர் வளையம் வைத்தான். கருவிகளிலிருந்து மீளும் கறுப்புக் கம்பிகளைச் சட்டகத்தில் ஆங்காங்கே முடியாது, ஒருங்கு சேர்த்துப் பற்றரியின் எதிர்முனைக்கே கொண்டுவந்தான். மழையும் பனியும் ஓயாத நாட்டில், சட்டகத்துத் திருகாணி துருப்பிடிப்பதற்கு ஒரு மாதமே போதும். பெட்டியின் கால்களில் சிறிது வசிலின் தடவினான். இறுதியில் எதிர்முனையைப் பூட்டினான். கழற்றுகையில் முதலாவது, பூட்டுகையில் கடையாவது.

வேலை முடியும்போது மாலையாகிவிட்டது. தேநீர் வந்தது. அப்பொழுதுதான் அவன் அந்த நாற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தான்.

இருபது ஆண்டுகளுக்கு முன், அவன் என் வகுப்பில் இருந்த காலத்தில், அவனது தோட்டத்து லயம் ஒன்று இரவில் எரிந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த காம்பிராக்கள், இடையே சுவர் இருந்தும் கூரையடியில் எல்லாம் ஒன்றாய்த் திறந்தே கிடந்தன, பரண்களில் விறகு. ஒரு காம்பிராவில் பிறந்த தீ கூரைவழியே ஓடிற்று. உயிர்ச் சேதம் இல்லை. உடைமை என்று எதுவும் எஞ்சவில்லை. மறுநாள் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளுட் பலர் அண்டை லயத்தாரின் சட்டை அணிந்திருந்தனர். இவன் புத்தகமின்றி வந்து முன்வாங்கில் இருந்தான். அவன் தலைமயிரிலிருந்து எழுந்த நாற்றமே மூடுபனி வீதியில் எம் இருவர் மூக்கிலும் மீண்டும் ஏறியது.

மலையகச் செய்தியைப் படிப்போர் 'மின்னொழுக்குக் காரணமாக லயத்தில் தீ' என்னும் தொடரை எத்துணை முறை கண்டிருப்பார்கள்! ஒழுக்கு என்பது கசிவு. மழை பெய்தால் லயத்துத் தகரக் கூரையிலும் ஒழுக்கு. அந்நீர் பழங்கம்பியில் விழுந்தால் மின்னிலும் ஒழுக்கு. ஆயினும் செய்தித்தாள் மின்னொழுக்கு என்பவற்றுட் பல, அளவுமீறிய சுமையும் குறுஞ்சுற்றுமாகவே இருக்கும் என்பது என் மாணவனின் துணிபு. ஒரு காம்பிராவுக்கென்று வந்த கம்பியில் மகன் குடும்பத்துக்கு ஒரு விளக்கு, புதிதாய்ச் சார்பிறக்கிய குசினிக்கு ஒரு விளக்கு, பின் தொலைக்காட்சி, பின் நீர் சூடாக்கும் கருவி என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி நாடா ஒட்டுகின்றனர். உருகி அடிக்கடி போனால் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகின்றனர். அவர்களை மட்டும் குறைகூறுதல் அறமாகாது. இடம் பெருகாதபோது குடும்பம் பெருகிற்று. கம்பி பெருகாதபோது கருவி பெருகிற்று.

இதில் உள்ள ஒரு முரண் என்னை நெடுநாள் வருத்தியது. நுவரெலியா நகரம் 1912இலேயே மின்னொளி கண்டது. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னும் இடத்தில் பொறியியலாளர் விமலசுரேந்திர சிறு நீர்மின் நிலையம் அமைத்தார். இம்மலைகளின் நீரால் நாடு முழுதும் ஒளிபெறலாம் என அவர் 1918இல் கட்டுரை வாசித்தார்; 1950இல் இலக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. தேயிலைத் தொழிற்சாலைகள் பலவும் தத்தம் அருவியில் சுழலி வைத்து ஓடின. அத்தனைக்கும் நடுவே, அருவிக்கரையிலேயே கட்டப்பட்ட லயங்கள் பற்பல ஆண்டுகள் குப்பி விளக்கில் இருந்தன. பின் மின்சாரம் வந்தபோதோ, அதனைப் பங்கிடும் பெட்டி உடன் வரவில்லை. வெளிச்சம் வந்தது, காவல் வரவில்லை.

என் மாணவன் தன் தாய் தந்தையர் இருக்கும் காம்பிராவுக்கு, அனுமதி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைக் கூட்டிச் சென்று, விளக்குகளுக்கு ஒன்று, செருகுதுளைகளுக்கு ஒன்று எனத் தனித்தனி ஆளிகளும், மின் கசிந்தால் தானே அறும் 'ட்ரிப் சுவிச்'சும் வைப்பித்தான். வண்டியின் 12 வோல்ற்றில் கைவைக்கும் துணிவை வீட்டின் 230 வோல்ற்றில் காட்டலாகாது என்பதில் அவன் கண்டிப்பானவன். அண்டைக் காம்பிராக்காரர் நால்வர் வந்து பார்த்துச் சென்றனர். இருவர் தாமும் செய்வித்துக்கொண்டனர். மற்றையோர் சம்பளத்துக்குப் பின் பார்ப்போம் என்றனர். ஒரே கூரை, ஆறு காம்பிராக்களுள் மூன்றில் மட்டுமே காவல். பாதிக் காவல் எத்துணைக் காவல் என்று அவன் என்னிடம் கேட்டான். யான் விடை சொல்லவில்லை.

உருகிப் பெட்டிக்கு வருவோம். மூடியின் உட்புறத்தில் எந்த இடம் எதற்குரியது என்று எழுதித் தருமாறு என்னைக் கேட்டான். தன் கையெழுத்து இருட்டில் தனக்கே விளங்காது என்றான். அழியாத மையால் எழுதினேன்: விளக்கு, ஒலிப்பான், கைபேசி, காற்று. வெறுமையாய் இருந்த இரண்டு இடங்களுக்கும் என்ன எழுதுவது? அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஒளவையார், மேடுபள்ளமான வழியிற் செல்லும் உப்பு வணிகர், அச்சு முறிந்தால் உதவுமென வண்டியின் அடியிற் கட்டிச்செல்லும் சேமவச்சுக்கு அவனை ஒப்பிட்டதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டிற் காண்கின்றோம். ஈராயிரம் ஆண்டுக்கு முன் உமணர் அறிந்த பயண முறையை வெள்ளித்தாள் சுற்றிய நாங்கள் அறியவில்லை. இரண்டு இடங்களுக்கும் 'சேமம்' என்று எழுதி, அவ்விடங்களிலேயே மாற்று உருகிகளைச் செருகி வைக்கச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு ஒரு நீலத்தையும் ஒரு வெளிர்பழுப்பையும் செருகினான்.

மாசியில் ஒருநாள் மறுபடியும் அவனோடு நுவரெலியா சென்று திரும்பினேன். பனி முன்போலவே இறங்கியிருந்தது. பழைய வளைவுக்குச் சற்று முன்னே ஒலிப்பானை அழுத்தினான். அரைக்குரலில் அது நின்றுபோயிற்று. குழலுக்குள் நீர் புகுந்து உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது போலும். முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தாழ்ந்த இரு விளக்குகளும் பனியின் அடியில் வீதியோரக் கோட்டைக் காட்டிக்கொண்டே சென்றன. எதிரே வந்த பேருந்து ஒன்று எம்மைக் கண்டு ஒதுங்கியது. நிறுத்திச் சரிசெய்வோமா என்று கேட்டேன்.

"வேணாங்க சேர், சேமத்தை இப்பப் போட்டாலும் தண்ணி காயாம அதுவும் போயிரும். ஹோன் ஒண்ணுதானே, வெளிச்சம் இருக்கு. மெதுவாப் போவோம்."

இராகலைச் சந்தியில் என்னை இறக்கிவிட்டு அவன் தோட்டப் பாதையில் திரும்பினான்.